தயிர்ச் சட்டியை மூடிய கை

அண்ணே,

இன்று காலை அண்ணி தயிர்ச் சட்டியின் கடதாசியைப் பிரித்ததும் அந்தப் புளிப்பு வாசம் வீடெல்லாம் பரவிவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம். படையலுக்கு நாவுலத் தயிர்தான் வேண்டும் என்று அண்ணி ஒரே பிடியாக நின்றார். நான் வேலை இருப்பதுபோல் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போனால், திரும்பும் வழியில் நாவுலயில் ஒரு சட்டி தயிர் வாங்காமல் நீங்கள் வந்ததில்லை. "கித்துள் பாணி ஊத்தி இனிப்பாத் திங்கிறவ தயிரத் திங்கல, பாணியத்தான் திங்கிறா" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே, நீங்கள் உப்புப் போட்டு அள்ளுவீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் லொறி மேலே சரக்கை மூடப் படங்கு கட்டும்போது விழுந்து, தலையில் அடிபட்டு, யாரையும் தெரியாமல் கிடந்தீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, மூக்குக் குழாயில் சத்துமா கரைத்து விட்டது நான்தான். ஊசி மருந்துகளால் வயிறு போய்க்கொண்டே இருந்தது. ஊற்றியது உடம்பில் ஒட்டவில்லை, கைகால் குச்சியாகிவிட்டது. டொக்டர் ஒரு தூள் எழுதிக் கொடுத்தார்.

"மருந்துல வயித்துல இருந்த நல்ல கிருமியும் செத்திருக்கும். இது நல்ல கிருமி. எல்லாருக்கும் கேக்காது, போட்டுப் பாப்போம்" என்றார் கிளினிக் நர்ஸ் மிஸ்.

"தயிர்ல இருக்கிற மாதிரியா மிஸ்?"

"அந்த மாதிரிதான். ஆனா வாயால ஒரு சொட்டும் குடுத்துறாதீங்க. புரையேறி நெஞ்சுக்குள்ள போயிரும்."

வயிற்றோட்டம் மெல்ல நின்றது. தூளைக் கரைத்து விடும்போதெல்லாம், "அண்ணே, உங்க தயிருதான் போகுது" என்று உங்கள் காதில் சொல்வேன். சொல்லிக்கொண்டது எனக்குத்தான் போல.

பிறகு அந்த மத்தியானம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றில் தயிரைப் பிசைந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத முகம் என் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. நாக்கு உதட்டைத் தடவியது. விழுந்த நாளிலிருந்து நீங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

நான் சட்டியை மூடினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், மிளகுக் கொடி ஓரத்தில் நின்று மிச்சத்தைத் தின்றேன். பசி அண்ணே. ருசியாக வேறு இருந்தது. திரும்பி வந்தபோது உங்கள் வாய் அப்படியே திறந்திருந்தது.

"நீங்க செஞ்சதுதான் சரி" என்றார் மிஸ், நடந்ததைச் சொன்னபோது. "விழுங்கப் பழக்க ஒருத்தர் இருக்காங்க, அவங்ககிட்ட காட்டுவோம்." அதற்குள் காய்ச்சல் வந்து நீங்கள் போய்விட்டீர்கள். சரி என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் வெட்கம் போகமாட்டேன் என்கிறது. இப்போதும் தயிர் என்றால் யாருக்கும் முகம் காட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் சாப்பிடுகிறேன்.

இன்று படையல் போடும்போது அண்ணி சட்டியை என்னிடம் நீட்டினார். "நீயே வையி தங்கச்சி. கடைசி வரைக்கும் உன் கையாலதானே அவரு சாப்பிட்டாரு."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் படத்துக்கு முன்னால், இலையில் சோற்றின் மேல், உப்புப் போட்டு நிறையவே ஊற்றினேன். படத்துக்குப் புரையேறாது அண்ணே. அந்தத் தைரியத்தில்தான் ஊற்றினேன்.