கடைசியில் போட்ட பெயர்

நவம்பர் 17, ஞாயிறு. கிள்ளான். மழை.

இன்று கோயில் ஆண்டுக் கூட்டம். செயலாளர் நான்தான். நிகழ்ச்சி நிரலில் இளைஞர் பிரிவை வழக்கம்போல் கடைசியில் போட்டேன். ஏன் என்று என்னை நானே கேட்டதில்லை. மழைச் சத்தத்தில் பாதிப் பேச்சு கனவில் கேட்பதுபோல் இருந்தது.

இளைஞர் பிரிவுத் தலைவி கவிதா, மடியில் ஒரு தாளுடன் மூன்று மணி நேரம் காத்திருந்தாள். அவள் எழுந்ததும் கோயில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த மீட்டிங்ல பேசலாம்மா. சாப்பிட வச்ச மீகூன் ஆறிப்போவுதுலா. நீங்கல்லாம் சேர்ந்து நாற்காலிய அடுக்கிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"சரி அங்கிள்" என்று சொல்லி அடுக்கினாள். போகும்போது தாளை என்னிடம் நீட்டினாள். "ஃபைல்ல வச்சிடுங்க ஆன்டி."

வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். வெள்ளம் வந்தால் எங்கள் தாமான் குடியிருப்பில் யார் யாரை மாடிக்குத் தூக்கிப் போவது என்ற பட்டியல் அது. முதலில் தலைவர்: 'முழங்கால் வலி. ரெண்டு பேர் வேணும்.' ஒன்பதாவதாக நான்: 'தனியா இருக்காங்க. கீழ் ரூம்ல தூங்குவாங்க. இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல இருக்கும், மறக்காம எடுக்கணும். பொறுப்பு: கவிதா.'

மழை விடவில்லை. பேனாவைப் பிடித்தபடியே கண் சொருகுகிறது. கட்டில் மெல்ல மிதக்கிறது. அடுக்கிய நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரில் போகின்றன. நடுவே, ஒரு சின்ன ஐஸ் பெட்டியைத் தலைக்குமேல் பிடித்தபடி அவள் வருகிறாள். பயமாகவே இல்லை.

என் இன்சுலின் இருக்கும் இடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் என்ன படிக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.