இடது பக்கத்து வெளிச்சம்

பாப்பாவோட அப்பாவுக்கு,

நலமான்னு கேட்டு எழுதக் கை வரலை. காலேஜுக்குப் போன பாப்பா நாலு நாளா வீடு திரும்பலை.

காணவில்லை போஸ்டருக்கு என்கிட்ட இருந்த ஒரே படம் இருட்டா இருந்துச்சு. நான் வேலை பார்க்கற ஸ்டூடியோவுல கல்யாணப் பொண்ணுங்க படத்துக்குச் செய்யற மாதிரியே, கம்ப்யூட்டர்ல இடது பக்கம் ஒரு வெளிச்சம் வச்சேன். முகம் பளிச்சுனு வந்துச்சு. ஊரெல்லாம் ஒட்டினேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் சொல்றார்: "கன்னத்துல தழும்போட ஒரு பொண்ணு இங்க அழுதுட்டே உட்கார்ந்திருந்துச்சும்மா. போஸ்டரைப் பார்த்தேன். இது வேற பொண்ணுன்னு விட்டுட்டேன்."

நான் வச்ச வெளிச்சம் பாப்பாவோட இடது கன்னத்துத் தழும்பை விழுங்கிடுச்சுங்க.

பிரிஞ்சு போறப்ப நீங்க எடுத்துட்டுப் போன படங்கள்ல, தழும்பு தெரியற ஒண்ணை உடனே அனுப்புங்க. என்மேல உள்ள கோபத்தை அப்புறம் தீர்த்துக்கலாம். கண்ணை மூடினா எனக்கே இப்ப போஸ்டர் முகம்தான் வருது.

பாப்பாவோட அம்மா