நடக்காத சண்டையின் இரண்டாவது ரவுண்டு

பாய்,

நேற்று சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பார்த்தேன். குத்துச்சண்டை மேடை. ஒரு மூலையில் கட்டையன், எதிர் மூலையில் நெட்டையன். இரண்டு பேரும் இளவட்டங்கள், உடம்பில் சொட்டுச் சதை தொங்கவில்லை. அந்த வயதில் அவர்கள் மோதிக்கொள்ளவே இல்லையே!

கேட்டேன். "கம்ப்யூட்டர்ல செஞ்சது சார். சின்ன வயசுலயே மோதியிருந்தா எப்படியிருக்கும்னு போட்டிருக்கான். இருங்க, முடிவு இப்ப வந்துரும்" என்று போனை என் பக்கம் சாய்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரும்வரை முகத்தைத் திருப்பவில்லை. மரியாதை தெரியாத கிழவன் என்று நினைத்திருப்பார், நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கேள்வி நம்முடையது இல்லையா, பாய்? அதற்கு எவனோ முடிவு சொல்ல நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

அந்த இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்களின் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழைந்தாலும், வேண்டுமென்றே கட்டையன், நெட்டையன் என்று வைத்தது நீங்கள்தான். கட்டையன் உங்கள் ஆள். கழுத்தே கிடையாது. மணி அடித்ததும் பாய்ந்துபோய், எதிரே நிற்பவன் சுதாரிப்பதற்குள் படுக்கவைத்துவிடுவான். நெட்டையன் என் ஆள். கை நீளம், பொறுமை அதைவிட நீளம். இடது கையை நீட்டி நீட்டியே எதிரியைக் களைக்க வைத்து, பிறகுதான் வலது கையை எடுப்பான். நம் இரண்டு பேர் குணத்துக்கும் இந்த ஆட்கள் பொருத்தம்தான் என்று உங்கள் வீட்டு அக்கா சொல்லும். உங்களுக்குக் கோபம் வந்தால் கடையே அதிரும். நான் மூன்று நாள் கழித்துத்தான் கோபப்படுவேன்.

அவர்கள் கடைசியில் மோதியபோது இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. அதிலும் கட்டையன் ஏற்கெனவே தன்னைக் கெடுத்துக்கொண்டு பாதி ஆளாகியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் வீட்டு மாடியில், அக்கா கொடுத்த டீ ஆறிப்போக நாம் அதைப் பார்த்தோம். கட்டையன் மல்லாக்க விழுந்து கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தான். நீங்கள் எழுந்துபோய் டிவியை அணைத்தீர்கள்.

"இது சண்டையே இல்ல மாப்ள. இது பத்து வருசத்துக்கு முன்னாடி நடந்திருக்கணும். அப்ப உன் ஆளு ரெண்டாவது ரவுண்டத் தாண்டியிருக்க மாட்டான்."

"நடந்ததப் பேசுங்க பாய்" என்றேன். அவ்வளவுதான், இருபது வருடத்துக்கு நமக்கு அது போதுமானதாக இருந்தது.

மில்லில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்த நான் பேரிங், பெல்ட் வாங்க மட்டும்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் கடைக்கு வருகிறேன் என்று மேனேஜர் நம்பிக்கொண்டிருந்தார். நீங்கள் கல்லாவுக்கு முன்னால் ஒரு குண்டு பேரிங்கை வைப்பீர்கள், அது கட்டையன். நான் கிரீஸ் டப்பாவை எடுத்து எதிரே வைப்பேன். பேரிங் குனிந்து உள்ளே புகும். டப்பா பின்வாங்கும். நான் டப்பாவைப் பிடித்து முன்னால் தள்ளுவேன். "ஏலே, கைய எடு, அவன் விழுந்தாச்சு!" என்று கத்துவீர்கள். கூமாப்பட்டியிலிருந்து பம்புசெட்டுக்கு பெல்ட் வாங்க வந்த ஒரு பெரியவர் வெகுநேரம் இதைக் கவனித்துவிட்டு, "இம்புட்டு நேரமா அடிச்சுக்கிடுதாங்களே, என்ன, வரப்புத் தகராறா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

ஞாபகம் இருக்கிறதா என்று உங்களிடம் கேட்கிறேன் பாருங்கள். என் புத்தி.

முதலில் நீங்கள் எடுத்துக் கொடுக்கும் பெல்ட்டின் அளவு மாறியது. பிறகு கொடுத்த சாமானையே திரும்பக் கொடுத்தீர்கள். உங்கள் மகன் கடையில் உட்கார ஆரம்பித்தான், நீங்கள் மாடிக்குப் போனீர்கள். மதுரையில் டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் நீங்கள் சொன்னீர்கள்: "அன்னைக்கு நாம பாத்தோம்ல மாப்ள, ரெண்டாவது ரவுண்டுல உன் ஆளு விழுந்தானே. நல்ல மழை. கரண்டு போயிட்டு வந்துச்சு. வந்ததும் பாத்தா அவன் தரையில கெடக்கான்."

கேலி செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன், கேலி இல்லை. நிஜமாக நடந்த சண்டை உங்களிடமிருந்து போய்விட்டிருந்தது. நடக்கவே நடக்காத சண்டை, மழையும் கரண்டுமாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"அப்படியொரு சண்டை நடக்கவே இல்ல பாய்" என்றேன்.

நீங்கள் கோபத்தில் கட்டிலைவிட்டு எழுந்துவிட்டீர்கள். அக்கா ஓடிவந்து உட்காரவைத்தது. வெளியே வாசலில் என்னிடம் கெஞ்சியது. "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க தம்பி. நீங்க இல்லன்னு சொல்லிட்டுப் போனா அவிய பொறவு ஒரு வாய் சோறு எறக்க மாட்டேங்காவ."

அப்படியும் நான் சொல்லவில்லை. அடுத்த வாரமும் இல்லை என்றேன், அதற்கடுத்த வாரமும் இல்லை என்றேன். பிடிவாதம் என்று அக்கா நினைத்தது. எனக்கு அது பயம். உங்கள் மகளின் பெயரை மறந்தீர்கள், தொழுகையில் பாதியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தீர்கள். அதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். ஆனால் இந்தச் சண்டையில் நான் ஒத்துக்கொண்டால் எதிரில் இருப்பது நீங்கள் இல்லை, ஒரு நோயாளி என்று நானே சொன்னதாகிவிடும். நோயாளியிடம்தானே எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார்கள்? உங்களோடு மல்லுக்கட்ட ஊரில் என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "வாங்க, உக்காருங்க. நீங்க யாருன்னு தெரியலையே" என்றீர்கள். பாய், முப்பது வருடத்தில் நீங்கள் என்னை 'நீங்க' என்று சொன்னது அன்றுதான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"நீங்க அந்தச் சண்டைய பாத்தீங்களா?" என்று கேட்டீர்கள்.

"பாத்தேன்" என்றேன்.

"எப்படி விழுந்தான், சொல்லுங்க."

சொன்னேன். வேறு என்ன செய்ய? முதல் ரவுண்டில் நெட்டையன் இடது கையை நீட்டி நீட்டித் தடுத்ததைச் சொன்னேன். கட்டையன் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி ஒவ்வொரு அடியாக உள்ளே வந்ததைச் சொன்னேன். மழையைச் சொன்னேன், கரண்டு போனதைச் சொன்னேன். இரண்டாவது ரவுண்டில் நெட்டையன் ஒரே ஒரு முறை கையைத் தாழ்த்தினான். அந்த இடைவெளியில் கட்டையன் கீழிருந்து விட்ட குத்து தாடையில் இறங்கியது. நடுவர் பத்து எண்ணினார். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வலது கை மட்டும் போர்வைக்கு மேலே லேசாக மடங்கி விரிந்தது. சொல்லச் சொல்ல எனக்கே அது தெரிந்தது பாய். இருபது வருடமாக நீங்கள் கத்தியும் என் மண்டையில் ஏறாதது அன்று என் வாயிலிருந்தே வந்து எனக்குப் புரிந்தது. அந்த வயதில் கட்டையனை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. நீங்கள் சொன்னதுதான் சரி.

உங்களிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் கண்ணைத் திறந்து, ரகசியம் சொல்வதுபோல் என் பக்கம் சாய்ந்தீர்கள்.

"எங்கிட்ட சொன்னது சரி. என் மாப்ள ஒருத்தன் இருக்கான், ராஜபாளையத்துக்காரன். அவங்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஒத்துக்கவே மாட்டான், பாத்துக்கங்க!" உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தலகீழா நின்னாலும் ஒத்துக்க மாட்டான். ஞாயித்துக்கெழம வருவான். செத்த நேரம் இருந்தா அவனப் பாத்துட்டுப் போலாம்."

இருந்தேன் பாய். டீ வந்தது, குடித்தேன். நீங்கள் இரண்டு மூன்று முறை வாசலைப் பார்த்தீர்கள். "வருவான்" என்றீர்கள். பிறகு தூங்கிப்போனீர்கள். அந்த மாதமே பள்ளிவாசலுக்குப் பின்னால் உங்களை அடக்கம் செய்தோம். தோள் கொடுக்க என்னையும் உங்கள் மகன் கூப்பிட்டான். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது உங்கள் கனம் இவ்வளவுதானா என்று இருந்தது.

மில் வேலையும் முடிந்துவிட்டது. மாதம் ஒரு முறை அக்காவைப் பார்க்க வருகிறேன், நேற்றும் அதற்குத்தான் வந்தேன். உங்கள் மகன் கடையைப் பெரிதாக்கியிருக்கிறான். வாங்க வருபவர்களில் பழைய ஆட்கள் சிலர் என்னைக் கண்டால் விடமாட்டார்கள். "இப்பவாவது சொல்லுங்க, முன்னாடியே நடந்திருந்தா பாய் சொன்னதுதான நடந்திருக்கும்? அவர்தான் போயிட்டாரே, இனியென்ன வீம்பு?" என்று வாயைக் கிளறுவார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள்.

உங்களுக்கு எல்லாம் மறந்த பிறகும் என்னைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. அதை எதிரே உட்கார்ந்திருந்த அந்நியனிடம் அவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள். அதை நான் எப்படிப் பொய்யாக்குவேன்?

நெட்டையன்தான் ஜெயித்திருப்பான் என்று அவர்களிடம் சொல்கிறேன், பாய். சத்தமாகவே சொல்கிறேன்.