அம்மாவின் வலது கை

அவனியாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சூரியபிரகாசுக்கு அம்மா அன்னக்கொடி எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூவரும் சுகம். ஜபல்பூர் குளிரில் உனக்கு ஒரு தும்மல்கூட வராமல் நம் குலசாமி காக்கட்டும். பட்டாளப் பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்களாமே, அதனால்தான் கடிதம். என் வலது கையில் மாவுக்கட்டு, நான் சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுகிறான். (ஆமாண்ணே, சம்பளமில்லாத ஸ்டெனோ. அம்மா சொல்வது இட்லி, அடைப்புக்குறிக்குள் இருப்பது என் சட்னி.) பயப்படாதே, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன், அவ்வளவுதான், மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள். (கையில் மாவு ஏறியதிலிருந்து வீட்டில் தோசை மாவுக்குப் பஞ்சம்.) அப்பாதான் பட்டறையிலிருந்து வந்து சமைக்கிறார், ரசத்தைக் குழம்பு என்கிறார், நாங்களும் ஒத்துக்கொள்கிறோம்.

மனசில் கிடப்பதைச் சொல்கிறேன். தம்பி முன்னே மாதிரி இல்லை. (இதையும் நானே எழுதணுமாம்.) கே.கே. நகர் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு சேர்த்ததிலிருந்தே இப்படித்தான். வாய்க் குறும்பு குறையவில்லை, ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறேன், நானெல்லாம் எதுக்கும் லாயக்கில்லாதவன் என்கிறான். ஏன்யா ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டாலே எரிந்து விழுகிறான். போன வாரம் கிரிக்கெட் மட்டையைச் சுவரில் அடித்தே உடைத்தான். அப்பா வயசுக் கோளாறு என்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ அவனுக்குத் தனியாக நாலு வரி எழுது, அதட்டாமல் எழுது.

அண்ணே, பால் பொங்குகிறதென்று அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறது. இனி சட்னி இல்லை. அம்மா பாத்ரூமில் வழுக்கவில்லை. உனக்குச் சூரியன் பேர், தாத்தா தவறிய வருஷம் பிறந்ததால் எனக்கு அவர் பேர், முத்திருளன். புது வகுப்பில் முதல் நாள் பேரைச் சொன்னதும் பின் பெஞ்சில் ஒருத்தன் கரண்டு போச்சுடா என்றான். நானும் சிரித்தேன். நாமே முந்திக்கொண்டால் அவனுங்களுக்கு அலுத்துவிடும் என்று மறுநாள் போர்டில் 'இன்று மின்தடை' என்று நானே எழுதிவைத்தேன். அலுக்கவில்லை. ஐந்து மாசமாக நான் உள்ளே நுழைந்தாலே ஓடிப் போய் ஸ்விட்சைத் தட்டி விளக்கை அணைத்து, முத்திருளா லைட்டப் போடுடா என்று கத்துகிறார்கள். போன வியாழன் கழிப்பறையில் தள்ளி, வெளியே தாழ் போட்டு, விளக்கை அணைத்துவிட்டார்கள். ஒரு பீரியடு முழுக்க உள்ளேயே கிடந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், அம்மா பின்னாலேயே வந்து, முத்திருளா, லைட்டப் போடுய்யா என்றது. பாவம், இருட்டிவிட்டதென்று சொன்னது. எனக்குக் கேட்டது அம்மா குரல் இல்லை அண்ணே, அவனுங்க குரல். அறைக்குள் போய்க் கதவை எட்டி உதைத்துச் சாத்தினேன். கதவு நிலையில் அம்மா கை இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டு, எனக்குக் கண்ணைக் காட்டியது. அப்பாவுக்கும் அதே கதைதான். அவனுங்களில் ஒருத்தன் மேலும் நான் கை வைத்ததில்லை. எனக்கு அடிக்கக் கிடைத்தது அம்மாதான்.

அம்மா வந்து, எழுதியதை வாசி என்றது. இதையும் சேர்த்தே வாசித்தேன். பால் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தது. பிறகு, இம்புட்டையும் வச்சுக்கிட்டாய்யா ஜோக்கடிச்சுக்கிட்டுத் திரிஞ்சே என்று கேட்டது. பாத்ரூம் வரியை அடித்துவிடவா என்றேன். வேணாம், ரெண்டும் இருக்கட்டும், அண்ணன் படிக்கட்டும் என்றது. அப்பாவிடம் இன்றைக்கு நானே சொல்ல வேண்டுமாம். நாளைக்கு அம்மா என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. கட்டோட வாரேன், என் கையப் பாத்துக்கிட்டே அவுக பேசட்டும் என்கிறது.

இனி மறுபடியும் அம்மா சொல்வது: வேளைக்குச் சாப்பிடு, ஈரச் சாக்ஸோடு திரியாதே. முகாமில் பக்கத்துக் கட்டில் பையனை யாராவது பேர் சொல்லிக் கேலி செய்தால், நீ கூடச் சேர்ந்து சிரித்துவிடாதே சாமி. நூறு வருஷம் நல்லா இரு.

இடது கையால் கோணல் கையெழுத்து,
அம்மா அன்னக்கொடி

எழுதியவன்: முத்திருளன்