கேட்டால் குற்றமில்லாதவள்

ஜூலை 28, திங்கள்

கச்சான் காற்று. மாடியெல்லாம் மண். காய்ந்த துணியை மறுபடி அலசல்.

ரா.வுக்கு (என் வீட்டுக்காரர் ராயப்பன்) குடலிறக்க ஆபரேஷன், வெள்ளிக்கிழமை என்று முடிவு. டாக்டரிடம் இவர் கேட்ட ஒரே கேள்வி: "மயக்கத்துல ஆளு உளறுமா டாக்டர்?" வலிக்குமா, எத்தனை நாள் படுக்கணும், ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் சிரித்தார். "சிலபேரு பாட்டே பாடுவாங்க சார்." இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. 

வாங்க: வேட்டி 2, புது பிளாஸ்க் (பழையது ஒழுகல்), சுகர் மாத்திரை.

ஜூலை 29, செவ்வாய்

விஜயா (இனி வி.) வந்து போனாள். திருவனந்தபுரத்தில் ராக்கெட் வேலையில் இவரோடு இருபது வருடம். திருச்செந்தூர் போகிற வழியாம். நான் விடியலிலேயே போய் சீலா மீன் வாங்கி, குழம்பு, பொரியல். இலை போட்டதும், "நான் சைவம் அக்கா." பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருடம் சாப்பிட்டவருக்குத் தெரியாதா? சொல்ல மறந்துவிட்டாராம். அதுவும் அரசாங்க ரகசியமா?

அவளுக்குத் தயிர், ஊறுகாய். முடி இன்னும் கருப்பு. சாயமாகத்தான் இருக்க வேண்டும்.

டிவியில் ஏதோ ராக்கெட் கிளம்பியது. ரா. வாயைத் திறந்தார். "இதுலயும் அதே மாதிரிதான் மேடம், நாம அன்னைக்கு…" வி. மெதுவாக, "இங்க வேண்டாம் சார்." அவ்வளவுதான். இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். 'இங்க' என்றால்? என் வீடு. என் சாப்பாட்டு மேசை. 

வேறு மாதிரி எதுவும் அவர்களுக்குள் இல்லை. எனக்குத் தெரியும். இருந்திருந்தால் அழுது, சண்டை போட்டு, ஒரு வழியாக முடித்திருப்பேன். இதற்கு என்னவென்று சண்டை போட?

ஜூலை 30, புதன்

காற்று குறையவில்லை. ரத்தப் பரிசோதனை. சுகர் பரவாயில்லை.

எதிர்வீட்டுச் சேசம்மா: "அக்கா, அண்ணாச்சி ராக்கெட்டுல என்னதான் வேல பாத்தாவ?"

"திருகாணி முறுக்குனாவ."

வேறு என்ன சொல்ல? எனக்கே தெரியாது. ஓய்வு பெற்று இவ்வளவு காலம் ஆகியும், எதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்ட தாள் சாகும்வரைக்குமாம். வேலையில் இருந்தபோது மாதம் இரண்டு ஞாயிறு வருவார். பிள்ளைகளைப் பெற்றோம். நான் வளர்த்தேன். ஒருமுறை வந்தபோது சோறே இறங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அந்தச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. ஏன் அழுதார்? கேட்டதற்கு, "ஆபீஸ் விஷயம். கேக்காத." இன்றுவரை தெரியாது. வி.க்குத் தெரியும்.

ஜூலை 31, வியாழன்

பை கட்டியாயிற்று. மாலையில் ரா. மெல்ல ஆரம்பித்தார்.

"ஏளா, நாளைக்கு மயக்கம் தெளியும்போது நீ பக்கத்துல இருக்காத. விஜயா மேடத்த வரச் சொல்லிருக்கேன்."

கையிலிருந்த கரண்டி கீழே. "அவ யாரு உங்களுக்கு?"

"நான் உளறுறத நீ கேட்டா குத்தம். அவங்க கேட்டா குத்தமில்ல. அவ்வளவுதான்."

"தாலி எனக்கு, பேச்சு அவளுக்கா?"

 பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். அதுவும் காலையிலேயே படித்த பேப்பர்.

ஜெபமாலை பாதியில் நின்றுவிட்டது. மாதாவே மன்னியும். வி.க்குப் பேதி வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதையும் மன்னியும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. ஃபேன் சுற்றவில்லை.

பதினொன்றுக்கு என்று சொன்ன ஆபரேஷன். முதல் ஆளுக்குக் காய்ச்சலாம், இவரை எட்டுக்கே உள்ளே எடுத்துவிட்டார்கள். வி. பத்துக்கு மேல்தான் வருவாள். அவளுக்குப் போன் செய்யவில்லை. மறக்கவில்லை. செய்யவில்லை.

வெளியே கொண்டுவந்ததும் நாற்காலியைத் தலைமாட்டில் இழுத்துப் போட்டேன். காது அவர் வாயருகே. இன்றைக்கு விடுவதில்லை. கண் பாதி திறந்தது. என் கையைப் பிடித்தார்.

"மேடம்… வந்துட்டீங்களா."

"ம்."

"அந்த நாலாவது சோதன… நம்ம தப்பு இல்லயே மேடம்? அன்னைக்கு ராத்திரி அந்த…"

குழாய்ச் சத்தம் ஞாபகம் வந்தது. இதுதான் அது. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும். நிமிர்ந்தால், பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் பிள்ளை வேலையை விட்டுவிட்டு இவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இந்த மனுஷன் இதற்குத்தானே பயந்து செத்தார்.

"இங்க வேண்டாம் சார்" என்றேன். வி. சொன்ன மாதிரியே, மெதுவாக.

"சரி மேடம்." முகம் தெளிந்தது. சிரித்தார். அப்படியே தூங்கிப்போனார், கையை விடவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட எனக்கு அப்படிச் சிரித்ததில்லை. பாவி மனுஷன்.

பத்தரைக்கு வி. வேர்த்து விறுவிறுத்து வந்தாள். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? ஏதாவது பேசினாரா அக்கா?"

"பேசுனாவ."

"என்ன சொன்னாரு?"

"அத வெளிய சொல்லக்கூடாதும்மா."

அவள் முகம் போன போக்கு! இத்தனை வருடம் நான் வைத்திருந்த முகம். பாவமாகக்கூட இருந்தது. புது பிளாஸ்கைத் திறந்து ஒரு காபி ஊற்றிக் கொடுத்தேன்.