ஐந்து படங்கள், ஒரே நாள்

வெள்ளிக்கிழமை, இரவு.

ஒரு படம் எப்போது எடுத்தது என்று கைப்பேசியிலேயே பார்க்க முடியும். இன்று தொழிற்கல்லூரியில் கணினி டீச்சர் சொல்லிக்கொடுத்தார்.

மாலையில் அக்கா ரவாங்கிலிருந்து வந்தாள். அங்கே விடுதியில் தங்கி ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். தினமும் மதியம் சீருடையோடு ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவாள். பாடத்தைப் பழகிப் பார்க்க அவள் போனைக் கேட்டேன். கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

இந்த வாரம் அனுப்பிய ஐந்து படங்களும் போன மாதம் ஒரே நாளில், பத்து நிமிடத்துக்குள் எடுத்தவை. முடியை மட்டும் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறாள்.

சாப்பிடும்போது அம்மா, “வேலை எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“டெய்லி ஓவர்டைம்லா மா,” என்று அக்கா சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “என் போன்ல அவ்ளோ நேரம் என்னா பண்ணுன?”

“காலேஜ் பாடம்க்கா. போஸ்டர் செய்யறது.”

அம்மாவிடம் சொன்னால் வீடு என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால், அக்கா பகலில் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

அக்கா என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். இப்போதுதான் அந்தப் போனை மெதுவாக எடுத்துப் பார்த்தேன். இதுவரை பூட்டே இல்லாதது, பாஸ்வர்ட் கேட்கிறது.