கழுவியும் போகாத ஊதா

எதிர்வீட்டில் வெடிக்குழாய் சுற்ற மைதாப் பசை காய்ச்சுகிறார்கள். அந்த வாசனையில் உன் ஞாபகம் வந்தது. கூடவே பழைய எரிச்சலும். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் உன்மேல் பொறாமை தீரவில்லை என்றால் என்னை என்னவென்று சொல்வது?

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நான் பட்டம் வாங்கியவள். நீ லீவு நாளெல்லாம் குழாய் சுற்றிக்கொண்டே டிப்ளமோ முடித்தவள். ஆனாலும் கிருமி உன்னிடம்தான் முதலில் மாட்டும்.

பட்டாசு ஆலை விபத்தில் வெந்துபோய் வந்த அச்சங்குளத்து அக்காவுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. ரத்தம் எடுத்த இரண்டு குப்பிகளில் ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்தது. எல்லோர் தோலிலும் இருப்பதுதான். ஊசி குத்தும்போது ஒட்டியிருக்கும் என்று வழக்கம்போல எழுதிவிட்டேன். நீ அனுப்ப விடவில்லை. அதே கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, மறுநாள் கொட்டிவிட்டு, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினாய். குழாயின் உட்புறம் ஊதாப் படலம் அப்படியே நின்றது.

"பசை கட்டுற கிருமி புள்ள இது. மருந்து ஏத்த அக்கா கழுத்து நரம்புல சொருகியிருக்க டியூபுலயும் இப்படித்தான் ஒட்டிக் கெடக்கும். அங்கன மருந்து எட்டாது. எடுக்கச் சொல்லணும்."

மறுபடி எடுத்த ரத்தத்திலும் அதே கிருமி. டியூபை எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

பெரிய டாக்டர் ஆய்வகத்துக்கே வந்து, "யாரும்மா கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நீ டீ குடிக்கப் போயிருந்தாய்.

"நான்தான் சார்" என்றேன்.

திரும்பி வந்த நீ வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டாய். சண்டை போட்டிருக்கலாம். "அந்த அக்கா இன்னிக்கு ரெண்டு இட்லி தின்னுச்சாம் புள்ள" என்று மட்டும் சொன்னாய். அன்று உன்னை வெறுத்தேன்.

போன மாதம் உன்னைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு அந்த அக்கா வந்து தலையிலடித்துக்கொண்டு அழுதார். உனக்காக அப்படி அழ ஒருத்தி இருப்பதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. எப்படியோ வாயைத் திறந்து சொல்லிவிட்டேன்: "அக்கா, ஒங்க உசுரக் காப்பாத்துனது இவதான். நான் இல்ல."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவுக அப்படிச் சொல்லலையேம்மா. தெனமும் வார்டுக்கு வந்து, 'எங்கூட்டாளி கண்ணுலதான் பட்டுச்சு'ன்னுல்ல சொன்னாக."

நான் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. பெருந்தன்மையில் பேசுகிறேன் என்று நினைத்து, உன் தலைமாட்டில் வைத்தே என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு உனக்கு உரியது. திருப்பித் தர வழியில்லாமல் என்னிடமே கிடக்கிறது, பாவி.